வாசிப்பு இலக்கும் பிள்ளைகளின் நூல் மதிப்புரையும்

கொக்குவில் வாசகி:
ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வருவதால், தரம் 4இல் படிக்கும் மகளும் நானும் ஆளுக்கோர் இலக்கு வைத்து, வாசித்தவற்றைப் பற்றி ஒரே கொப்பியில் எழுத எண்ணியுள்ளோம். இத்தனை நூல்கள் என்று வைப்பதா, இவ்வளவு நேரம் என்று வைப்பதா? சிறுவர் நூலுக்கு மதிப்புரை எவ்வாறு எழுதுவது?

நல்லூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தங்கச்சி, எண்ணிக்கை வைத்தால் பிள்ளை மெல்லிய நூல்களையே தேடி எடுக்கும் (பெரியவர்களும் அப்படித்தான்). இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிடம் போதும். தரம் 5இல் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது முதலில் அலுமாரிக்குள் போவது கதைப்புத்தகம்தான் என்பதால், தரம் 5க்கு முன்பே இப்பழக்கம் ஊன்றிவிட வேண்டும்.

மானிப்பாய் வாசகர்:
சிறுவர் நூலுக்குக் கதைச்சுருக்கம் எழுதுவதில் பயனில்லை. எழுத்து எவ்வளவு பெரியது, ஒரு பக்கத்தில் எத்தனை வரிகள், படம் கதையைச் சொல்கிறதா அல்லது வெற்று அலங்காரமாக நிற்கிறதா என்பவற்றை நீங்கள் எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் சிரித்தாள், எங்கே அலுத்து மூடிவைத்தாள் என்பதை மகள் தன் சொற்களிலேயே எழுதட்டும், எழுத்துப்பிழையைத் திருத்தப் போகாதீர்கள். உங்கள் நூலுக்கு, ஆசிரியர் சொல்ல முனைந்ததைச் சொல்லி முடித்தாரா என்று பாருங்கள். நட்சத்திரப் புள்ளி இடுவதை நான் மதிப்புரையாகக் கொள்வதில்லை.

கொக்குவில் வாசகி:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. நேரத்தையே இலக்காக வைக்கிறோம். பழைய ஈழத்து நூல்களை எங்கே தேடலாம்?

மானிப்பாய் வாசகர்:
‘நூலகம்’ என்ற நிறுவனத்தின் எண்ணிம (இணைய) நூலகத்தில் ஏராளமானவற்றை இலவசமாக வாசிக்கலாம். ஆனால் மகளை யாழ் பொது நூலகத்துக்கு நேரில் அழைத்துச் செல்லுங்கள். புத்தகத்தை அவளே தெரிவுசெய்யட்டும்.