சொந்த மொபைல் நம்பரை எந்த அளவுக்கு மறைக்க முடியும்?

கறுப்புப்பூனை:
இருப்பது ஒரே நம்பர். பேங்க் ஓடிபி, வாட்ஸ்அப் குழுக்கள், ஆன்லைன் விற்பனை எல்லாமே அதில்தான். டெலிகிராமில் நம்பரை மறைத்து வைத்தும், முன்பின் தெரியாதவர்கள் நம்பரை வைத்தே தேடி வந்துவிடுகிறார்கள். எந்த செட்டிங் விட்டுப்போனது? இரண்டாவது நம்பர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பூட்டுசாவி:
பார்ப்பது வேறு, தேடுவது வேறு. டெலிகிராமில் பிரைவசி பகுதிக்குள் போன் நம்பரைத் திறந்து, யார் பார்க்கலாம் என்பதற்கு 'நோபடி' கொடுங்கள். கொடுத்த பிறகுதான் கீழே இன்னொரு கேள்வி முளைக்கும்: நம்பரை வைத்து உங்களை யார் கண்டுபிடிக்கலாம்? அதை 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். பலர் கீழே பார்ப்பதே இல்லை. புதிதாக ஒருவரை கான்டாக்டில் சேர்க்கும்போது 'ஷேர் மை போன் நம்பர்' டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

சிக்னல் ஆப்பிலும் 2024 முதல் இதே இரண்டு பூட்டு, கூடவே நம்பருக்குப் பதிலாகக் கொடுக்க யூசர்நேம். ஆனால் கணக்குத் தொடங்க நம்பர் கட்டாயம்.

வாட்ஸ்அப் குழு கதை வேறு. போட்டோவை மறைக்கலாம், சக உறுப்பினரிடமிருந்து நம்பரை மறைக்க முடியாது. அறிவிப்பு மட்டும் படிப்பதென்றால் சேனலில் இருங்கள். அங்கே பின்தொடர்பவர்களுக்கு ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது.

அலைவரிசை:
செட்டிங் பாதிதான். உங்கள் நம்பரைச் சேமித்திருக்கும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஆப்புக்கு கான்டாக்ட் அனுமதி கொடுத்தால் போதும், பெயரும் நம்பரும் சேர்ந்தே போய்விடும். உங்களைக் கேட்க மாட்டார்கள்.

தேடல் பூட்டு ஏன் முக்கியம் என்பதற்கு 2021 ஏப்ரலில் வெளியான ஃபேஸ்புக் தரவே சாட்சி: சுமார் 53.3 கோடி பேர். பாஸ்வேர்டு எதையும் உடைக்கவில்லை. கான்டாக்ட் ஏற்றும் வசதியில் நம்பர்களைக் கொட்டி, எது யாருடையது என்று 2019-லேயே வழித்தெடுத்துவிட்டார்கள்.

பாஸ்வேர்டோடு கோடும் கேட்கும் இரட்டைப் பாதுகாப்புக்கென்று நம்பர் கொடுப்பதையும் குறையுங்கள். அப்படி வாங்கிய நம்பர்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக 2022-இல் ட்விட்டர் 15 கோடி டாலர் அபராதம் கட்டியது. முதலில் ஆத்தென்டிகேட்டர் ஆப் (எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே கோடு காட்டுவது), பிறகு பேக்கப் கோடுகளைச் சேமித்தல், கடைசியில்தான் நம்பரை நீக்குதல். வரிசை மாறினால் கணக்குக்கு வெளியே நிற்பீர்கள்.

கறுப்புப்பூனை:
நன்றி, டெலிகிராமில் அந்த இரண்டாவது கேள்விதான் திறந்து கிடந்தது. சிம் இல்லாமல் ஆப்பில் கிடைக்கும் இலவச விர்ச்சுவல் நம்பர் போதுமா?

நாலாம்சிம்:
வேண்டாம். பல ஆப்களும் பேங்குகளும் ஏற்காது. சில காலம் பயன்படுத்தாவிட்டால் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். சிம் அல்லது இ-சிம் வாங்குங்கள்.

பெரும்பாலோர் தலைகீழாகச் செய்வது இங்கேதான்: புது நம்பரை ஊருக்குக் கொடுக்கிறார்கள். பழையது ஏற்கெனவே ஆயிரம் போனில் கிடக்கிறதே, அதைக் காப்பாற்றி என்ன பயன்? பழையது வெளியாட்களுக்கே இருக்கட்டும். பேங்க், மெயில் ரெக்கவரி இரண்டையும் புதியதற்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'சேஞ்ச் நம்பர்' தொடவே வேண்டாம், குழுக்களுக்கெல்லாம் புது நம்பர் போய்விடும்.

அழைப்புக்கான டீஃபால்ட் சிம் பழையதாகவே இருக்கட்டும். தவறிப்போய் புதியதிலிருந்து ஒரு மிஸ்டு கால் போனால் அவ்வளவுதான். #31# சேர்த்து டயல் செய்தால் நம்பர் மறையும், ஆனால் எல்லா நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது, எஸ்எம்எஸ்ஸுக்கும் பொருந்தாது. பழைய சிம்மை ரீசார்ஜ் இல்லாமல் விட்டுவிடாதீர்கள். அதில் எந்தக் கணக்கு இன்னும் ஒட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.