புதுப்பிப்பு: அன்று பாதியில் நிறுத்திய சிம்பொனியைக் கேட்டு முடித்துவிட்டேன்

போலந்து இசையமைப்பாளர் ஹென்ரிக் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியை, தாங்க முடியாமல் இரண்டாம் பகுதியிலேயே நிறுத்திவிட்டதாக மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். நேற்றிரவு அதை முழுவதும் கேட்டேன். டான் அப்ஷா பாடிய, 1992இல் வெளியான அதே ஆல்பம்தான்.

அன்று என்னை உடைத்தது எது என்று இப்போது புரிகிறது. அந்த இரண்டாம் பகுதியில் பாடப்படுபவை, 1944இல் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோவின் சிறைச் சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி எழுதிவைத்த வரிகள். அம்மாவை அழ வேண்டாம் என்கிறாள். ஆறுதல் தேவைப்படுகிறவளே ஆறுதல் சொல்கிறாள்! குரல் மேலேறியபோது இம்முறையும் தொண்டை அடைத்தது. ஆனால் நிறுத்தவில்லை.

முதல் பகுதி இழுவை என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். டபுள் பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியங்களின் அடியாழத்தில், கேட்கிறதா இல்லையா என்னும் அளவில் தொடங்கி, மற்றத் தந்தி வாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, வெகுநேரம் கழித்தே குரல் வருகிறது. அந்தக் காத்திருப்பு இல்லையென்றால் அடுத்த பகுதிக்கு இந்தக் கனம் வராது.

மூன்றாவது, மகனைத் தேடும் தாயின் நாட்டுப்பாடல். அதற்குக் கண்ணீர் வரவில்லை. இசை நின்ற பிறகும் விளக்கைப் போட மனமில்லாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.