ஏ4 வீதியைப் படுவான்கரைக்குத் திருப்பினால் என்ன?

வாவிக்கரையான்
நேற்றுப் பின்னேரம் அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்கு வர எனக்கு இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. தூரம் அறுபது கிலோமீட்டரும் சொச்சமும்தான். நிந்தவூரில் ஒரு நெரிசல், சாய்ந்தமருதில் ஒன்று, கல்முனையில் கேட்கவே வேண்டாம், களுவாஞ்சிக்குடியில் ரியூசன் விட்ட பிள்ளைகள் சைக்கிளோடு வீதி முழுக்க, காத்தான்குடிக்கு வந்து சேரும்போது மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டது. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவை, பொத்துவில் என்று சுமார் 430 கிலோமீட்டர் ஓடி வருகிற ஏ4 வீதி இது. நாட்டிலேயே நீளமான ஏ தர வீதி என்று பெயர். ஆனால் நம்முடைய பக்கம் வந்ததும் ஊர்த் தெருவாகிப் போகிறது.

நான் சொல்வது இதுதான். காரைதீவுச் சந்தியில் மேற்கே திருப்பி, சம்மாந்துறை, நாவிதன்வெளி, மண்டூர், வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை, வவுணதீவு என்று வாவிக்கு அந்தப் பக்கத்தால் கொண்டுபோய், வலையிறவால் மட்டக்களப்புக்குள் விட வேண்டும். லொறியும் தூரத்து பஸ்ஸும் அந்த வழியால் போகட்டும். ஊருக்குள் இருக்கிற வீதி ஊர்ச்சனத்துக்கே இருக்கட்டும். வாவிக்குக் கிழக்கே கடலோரம் இருக்கிற எழுவான்கரை மூச்சு விடும், மேற்கே இருக்கிற படுவான்கரைக்கும் ஒரு பெரிய வீதி கிடைக்கும். யாருக்கு நட்டம் சொல்லுங்கள்?

கல்முனைக் கடைக்காரன்
எனக்கு நட்டம் தம்பி. நேராகவே சொல்லிவிடுகிறேன், பிறகு சுயநலம் என்று நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் என் கடையை ஒரு பக்கம் வையுங்கள். நீங்கள் நெரிசலில் நின்ற நேரம் முன்னாலும் பின்னாலும் நின்றவை என்ன வாகனம் என்று பார்த்தீர்களா? ஓட்டோ, மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூட வேன், மீன் ஏற்றிய பட்டா லொறி. எல்லாம் அடுத்த ஊருக்குப் போகிறவை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு மணல் துண்டு, அதில் ஆரையம்பதியிலிருந்து காரைதீவு வரை ஊருக்கு ஊர் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒரு ஊரின் பெயர்ப்பலகை முடிகிற இடத்தில் அடுத்த பலகை நிற்கும். இந்தச் சனம் படுவான்கரையால் சுற்றிப்போய் மருந்து வாங்குமா?

இன்னொன்று, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ் ஏ4ஆல் போவதே இல்லை. வாழைச்சேனை, பொலன்னறுவை என்றுதான் போகும், நூறு கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். கல்முனை ஆட்களில் பாதிப்பேர் அம்பாறை, மஹியங்கனை பக்கத்தால் ஏறுகிறார்கள். அப்படியென்றால் நீங்கள் யாருக்காக அந்தப் பெரிய வீதியைப் போடப் போகிறீர்கள்?

பத்துச் சில்லு
நானா, நான் லொறி ஓட்டுகிறவன், ஒரு இடத்தில் மட்டும் உங்களோடு முட்ட வேண்டியிருக்கிறது. கொழும்பு பஸ் கணக்கு சரி. லொறிக் கணக்கு வேறு. முந்தி திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவில் ஏ15இல் துறைக்குத் துறை ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் லொறியை ஏற்றி இறக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்த பிறகு, திருகோணமலைச் சீமெந்தும் கோதுமை மாவும் கரையோரமாகவே இறங்குகிறது. திரும்பும்போது சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி. காத்தான்குடியில் நடுவில் பேரீச்சை மரம் நட்ட இடத்தில் எங்களைத் தினமும் பார்க்கலாம், மரத்தைப் பார்க்கத்தான் நேரம் இருக்கும், வாகனம் நகராது.

தூரத்து லொறி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆனால் அது உள்ளூர் வாகனத்தைவிடக் குறைவு என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

படுவான்கரைப் பொடியன்
எங்கள் ஊரால் வீதி போடுகிற கதை எங்களைக் கேட்காமல் நல்லாகவே நடக்கிறது. 😀

வாவிக்கரை அண்ணன், மண்முனைப் பாலம் எப்போது திறந்தார்கள் தெரியுமா? 2014இல். அதுவரை கொக்கட்டிச்சோலையிலிருந்து அந்தக் கரைக்குப் போக பாதையில் ஏறி நிற்க வேண்டும், காற்று எழும்பினால் அதுவும் இல்லை. பிரசவத்துக்குப் போனவர்கள் துறையடியில் காத்துக்கொண்டு நின்ற கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. குருமண்வெளித் துறையால் மண்டூர் கோயிலுக்குப் போனவர்களுக்கும் அது தெரியும். அந்தக் காலமெல்லாம் நாங்கள் யாருடைய வரைபடத்திலும் இல்லை. இப்போது உங்கள் ஊரில் நெரிசல் வந்ததும் எங்கள் வயல் காலியாகக் கிடப்பதாகத் தெரிகிறது.

காலியாக இல்லை. அது வேளாண்மை. வெட்டுக்காலத்தில் வந்து பாருங்கள், ரோட்டில் ஒரு பக்கம் நெல் காயும், மற்றப் பக்கம் உழவு மெசின் பெட்டியோடு நிற்கும், மாடு பட்டிக்குத் திரும்பும், நடுவால் அண்ணனுடைய பத்துச் சில்லு அறுபதில் வருமா? பொழுதுபட்டால் யானை. லாகுகலைப் பக்கம் ஏ4இல் யானைக்காக லொறியை நிறுத்தியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பத்துச் சில்லு
நிறுத்தியிருக்கிறேன் தம்பி, லைட்டை அணைத்துவிட்டு கால் மணித்தியாலம். அது ரோட்டை விட்டு இறங்கும் வரை மூச்சு விடவில்லை.

வாவிக்கரையான்
பொடியன், கோபம் நியாயம். ஆனால் மண்முனைப் பாலத்தையே எடுங்கள். பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலையில் கடை கூடியதா இல்லையா? தான்தோன்றீஸ்வரர் தேருக்கு எழுவான்கரைச் சனம் எவ்வளவு இலேசாக வருகிறது? வீதி என்றால் லொறி மட்டும் இல்லை, அதோடு பஸ் வரும், ஆசுபத்திரிக்கு டொக்டர் வருவார், நெல்லுக்கு விலை கேட்டு முதலாளி வீட்டடிக்கு வருவான். எங்களுக்கு நெரிசல் வந்ததால்தான் உங்களைப் பார்த்தோம் என்றே வையுங்கள், கிடைக்கிற வீதியை ஏன் விட வேண்டும்?

கல்முனை நானாவுக்கு: கல்லடியில் பழைய லேடி மானிங் பாலம் மட்டும் இருந்த நாளை நினைத்துப் பாருங்கள். அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடியும் வரை இந்தப் பக்கம் நிற்போம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் போட்டார்கள், பழையதில் இப்போது சனம் நடக்கிறது, காற்று வாங்குகிறது. அதற்கும் முதலில் ‘எதற்கு இரண்டாவது பாலம்’ என்று யாரும் கேட்டிருக்கலாம்.

களுதாவளைத் தங்கச்சி
நான் ஆசுபத்திரியில் வேலை செய்கிறவள், அதனால் வேறு பக்கத்தால் பார்க்கிறேன். எனக்கு நெரிசலைவிடப் பயம், இந்த மணல் துண்டில் வீதி ஒன்றே ஒன்று என்பதுதான். 2004 மார்கழியில் கடல் வந்தபோது கரையோர வீதியும் பாலங்களும் என்ன ஆனது என்று கண்டவர்கள் நாங்கள். 2011 தை வெள்ளத்தில் நாள்கணக்கில் அங்கும் இங்கும் அறுந்து கிடந்தோம். பெரிய கல்லாறு, ஒந்தாச்சிமடம் பக்கம் முகத்துவாரத்தை ஒட்டித்தான் வீதி போகிறது, அங்கே ஒன்று நடந்தால் தெற்கும் வடக்கும் வெவ்வேறு தீவு.

அதனால் இரண்டாவது வழி வேண்டும் என்பதில் நான் வாவிக்கரை அண்ணன் பக்கம். ஆனால் அண்ணன், நீங்கள் கீறிய கோட்டை ஒருதரம் மாரியில் வைத்துப் பாருங்கள். காரைதீவில் திரும்பியதும் வருவது மாவடிப்பள்ளி. 2024 நவம்பர் 26ஆம் திகதி நிந்தவூர் மதரஸாவிலிருந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் அந்த வீதியில்தான் வெள்ளத்தில் அடிபட்டுப் போனது. அதை விட்டு, கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குக் குறுக்கால் போகலாம் என்றால் கிட்டங்கித் தாம்போதி (தண்ணீர் மேலால் பாய்கிற தாழ்ந்த பாலம்), வெள்ளம் ஏறினால் அங்கே வாகனம் இல்லை, தோணிதான். எந்த நாளில் மாற்று வழி தேவையோ அந்த நாளில் உங்கள் மாற்று வழி தண்ணீருக்குக் கீழே.

வாவிக்கரையான்
இது நான் யோசிக்காத இடம். உண்மையாகவே. காய்ந்த காலத்தில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு எழுதினேன்.

அப்படியென்றால் வீதியை உயர்த்திப் போட வேண்டியதுதானே?

படுவான்கரைப் பொடியன்
உயர்த்துங்கள், ஆனால் மேற்கேயிருந்து வருகிற தண்ணீர் எங்கே போகும்? உறுகாமம், உன்னிச்சை, நவகிரி என்று குளமெல்லாம் நிரம்பி வான் பாய்ந்தால் எல்லாம் வாவிக்குத்தான் இறங்கும். உங்கள் வீதி வடக்குத் தெற்காக, தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்காக. குறுக்கே ஆறடிக்கு ஒரு அணை கட்டி, நாலு மதகு வைத்துவிட்டுப் போனால் வீதி நனையாது, எங்கள் வளவு முங்கும். நிறைய மதகும் பாலமும் வைத்துத்தான் போட வேண்டும், அதற்குக் காசு எவ்வளவு என்று நீங்களே யோசியுங்கள்.

எங்களுக்கு வேண்டியது நெடுக்கு வீதி இல்லை அண்ணன், குறுக்குப் பாலம். மண்முனையில் போட்டதுபோல. பட்டிருப்புப் பாலமும் வலையிறவும் ஏற்கனவே இருக்கின்றன, குருமண்வெளியிலும் கிட்டங்கியிலும் வெள்ளத்துக்கு மேலால் உறுதியான பாலம் இருந்தால், ஏ4இல் எந்த இடம் உடைந்தாலும் அந்த ஒரு துண்டை மட்டும் எங்கள் பக்கத்தால் சுற்றி மீண்டும் ஏறலாம். ஊர் ரோட்டைக் காபெட் போட்டால் போதும், நாலு வழி வேண்டாம். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போகும், அம்புலன்சும் போகும், நெல்லும் காயும்.

கல்முனைக் கடைக்காரன்
பொடியன் சொல்வதற்கு நான் கையொப்பம் வைக்கிறேன். கிட்டங்கிக்கு அங்கால் இருக்கிற சனம் சாமான் வாங்க வருவது எங்களிடம்தான், மாரியில் அவர்கள் வராவிட்டால் கடை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். (பார்த்தீர்களா, திரும்பவும் கடைக்கே வந்துவிட்டேன்.)

நெரிசலுக்கு மருந்து வேறு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் லொறியை ஊருக்குள் விடாமல் வைத்தால் பாதிக் கஷ்டம் குறையும். அப்புறம் கடைக்கு முன்னால் வாகனம் நிறுத்துகிற பழக்கம். அதில் என் வேனும் ஒன்று, ஏசாதீர்கள்.

பத்துச் சில்லு
லொறியை நிறுத்தி வைக்கச் சொல்வது இலேசு நானா, ஆனால் எங்கே? காரைதீவுக்கும் ஆரையம்பதிக்கும் நடுவில் ஒரு பத்துச் சில்லை ஓரங்கட்ட இடம் காட்டுங்கள். நிழலும் ஒரு பிளேன்ரீயும் இருந்தால் இரண்டு மணித்தியாலம் என்ன, அஸர் வரைக்கும் நிற்பேன்.

வாவிக்கரையான்
சரி, கோட்டை அழித்துவிட்டேன், முழுக்க இல்லை. நாவிதன்வெளியிலிருந்து வவுணதீவு வரை உள்ள வீதியை அகலமாக்க வேண்டும் என்பதில் இன்னும் நிற்கிறேன், அறுவடைக்காலம் தவிர்த்து இரவில் லொறி போகலாம் என்றும். யானைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பாலம் முதலில், வீதி பிறகு என்பதற்கு வந்துவிட்டேன்.

படுவான்கரைப் பொடியன்
பாதி வழி வந்துவிட்டீர்கள். மிச்சப் பாதிக்கு கார்த்திகை கடைசியில் வாருங்கள், மோட்டார் சைக்கிளைச் சேனைக்குடியிருப்பில் விட்டுவிட்டு கிட்டங்கியடிக்கு நடந்து வாருங்கள், நான் தோணியோடு நிற்கிறேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.