படர்தாமரை போய்ப் போய்த் திரும்ப வருது, துணி விஷயத்தில் உதவி வேணும்

வணக்கம். வேளச்சேரியில் நான், மனைவி, ஆறு வயசுப் பையன். ஜூலையில் எனக்குத் தொடை இடுக்கில் வட்டமாய்ச் சிவந்து, ஓரம் மட்டும் தடித்து, வேர்த்தால் உயிர் போகிற அரிப்பு. படர்தாமரை.

முதல் தப்பு என்னுது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கின ட்யூப்பைத் தடவினேன். மூணே நாளில் அரிப்பு நின்னது, நிறுத்தினதும் இடுப்பு வரைக்கும் பரவிடுச்சு. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு தோல் டாக்டர் சொல்லித்தான் தெரியும். அவர் தந்த இட்ராகோனசோல் மாத்திரை, லுலிகோனசோல் க்ரீம், ஆறு வாரம் ஒரு நாள் விடலை. மறைஞ்சது. இப்போ நவம்பரில் மனைவிக்கு இடுப்பில், பையனுக்குக் கழுத்தில், எனக்கும் மறுபடி. மூணு பேரும் டாக்டர் மருந்தில்தான் இருக்கோம்.

துண்டு, சோப்பு தனித்தனி. ஜீன்ஸை விட்டுட்டு வீட்டில் வேட்டிதான். குளிச்சதும் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைக்கிறோம். மாமியார் சொன்ன பூண்டு வைத்தியத்தில் தோல் புண்ணானதுதான் மிச்சம்.

இடிக்கிறது துணிதான். 60 டிகிரி வெந்நீரில் துவைச்சு வெயிலில் காயப்போடச் சொன்னார் டாக்டர். எங்களுது ஏழு கிலோ டாப் லோடு மெஷின், ஹீட்டர் கிடையாது. மொட்டை மாடிக்கு ஓனர் பூட்டு. மழைக்கு வீட்டுக்குள்ளே கொடி, ரெண்டு நாளானாலும் ஜட்டி இடுப்புப் பட்டியில் ஈரம் நிக்குது.

வெயிலும் ஹீட்டரும் இல்லாத வீட்டில் உள்ளாடை, துண்டு, போர்வையைக் கிருமி போகத் துவைச்சு முழுசா உலர்த்த, நீங்க செஞ்சு பலன் கண்ட முறை என்ன?