ஹீமோஃபீலியா ஏ: மகனுக்கு ஜீன் தெரபி வரும்வரை காத்திருக்கலாமா?

கரூர் அம்மா:
மகனுக்கு 6 வயது, சிவியர் ஹீமோஃபீலியா ஏ (ரத்தம் உறைய வேண்டிய எட்டாவது ஃபேக்டர் என்ற புரதம் உடலில் கிட்டத்தட்ட இல்லாத பிறவி நோய்). வாரம் இரண்டு தடவை அந்த ஃபேக்டரை நரம்பில் ஊசியாகப் போடுகிறோம். போன வாரம் நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தினார்கள். கையை இழுத்துக்கொண்டு "போதும்மா" என்று அழுதான். வேலூர் சி.எம்.சி.யில் ஜீன் தெரபி செய்த ஐந்து பேருக்கு ரத்தக்கசிவே நின்றுவிட்டதாகப் படித்தேன். அதற்காகக் காத்திருந்து, அதுவரை ஊசியைக் குறைத்துக்கொள்ளலாமா?

சேலம் செல்வம்:
தங்கச்சி, ஊசியை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

எனக்கும் அதே சிவியர் ஏ தான். வயது 46. என் சின்ன வயதில் எங்கள் பக்கம் முன்கூட்டியே ஃபேக்டர் போடுகிற பேச்சே கிடையாது. முட்டி வீங்கினால் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார். உறைந்த கிரையோ பை (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்த, ஃபேக்டர் உள்ள பகுதி) இளகும்வரை பெஞ்சில் படுத்திருப்பேன். ஒரே முட்டியில் திரும்பத் திரும்ப ரத்தம் இறங்கி, இன்று இடது கால் பாதிக்கு மேல் மடங்காது. பஸ் படியில் வலது காலை வைத்துவிட்டு, இடது காலைக் கையால் தூக்கி வைக்கிறேன். ஜீன் தெரபியே வந்தாலும் தேய்ந்த மூட்டு திரும்பி வராது.

வேலூர் செய்தி உண்மைதான். 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. படித்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்த ஐந்து பேரும் பெரியவர்கள். ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, லென்டிவைரஸ் என்ற மாற்றியமைத்த வைரஸ் வழியாக ஃபேக்டர் செய்யும் ஜீனை ஏற்றி, கீமோ கொடுத்து எலும்பு மஜ்ஜையில் இடம் ஒதுக்கி, அப்புறம்தான் உள்ளே செலுத்துகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இப்போது கேட்கிற விஷயம் இல்லை அது.

டாக்டரிடம் எமிசிசுமாப் பற்றிக் கேளுங்கள். இன்சுலின் மாதிரி தோலுக்கடியில் போடுவது, நரம்பு தேட வேண்டாம். ஒன்பதாவது ஃபேக்டரையும் பத்தாவதையும் சேர்த்துப் பிடிப்பதுதான் எட்டாவதின் வேலை. அந்த வேலையை இந்த மருந்து பார்த்துக்கொள்கிறது. நாம் போடுகிற சாதாரண ஃபேக்டர் சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும், இதற்குக் கிட்டத்தட்ட நான்கு வாரம் ஆகும். முதல் நான்கு வாரம் வாராவாரம் ஊசி. பிறகு வாரம் ஒன்றா, மாதம் ஒன்றா என்று டாக்டர் முடிவு செய்வார்.

லேப் டெக்னீஷியன், மதுரை:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எமிசிசுமாப் போட்ட பிள்ளைக்கு ஏபிடிடி பரிசோதனை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது) நார்மலாகவே காட்டும். அதை நம்பி "ரத்தம் சரியாக உறைகிறது" என்று யாராவது சொல்லிவிட்டால் ஆபத்து. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். தொடங்கும் முன் இன்ஹிபிட்டர் பரிசோதனை (போடுகிற ஃபேக்டரை முடக்கும் எதிர்ப்பொருள் உடலில் இருக்கிறதா என்று பார்ப்பது) செய்துவிடுங்கள்.

கரூர் அம்மா:
நன்றி அண்ணா. அப்போது வீட்டில் ஃபேக்டரே தேவைப்படாதா?

சேலம் செல்வம்:
தேவைப்படும். கசிவு வராமல் தடுக்கத்தான் எமிசிசுமாப். தலையில் அடிபட்டாலோ மூட்டு வீங்கினாலோ ஃபேக்டர்தான் போட வேண்டும், தாமதிக்கவே கூடாது. டாக்டரிடம் போகும்போது பிசியோவையும் பாருங்கள். முட்டி, முழங்கை, கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று இப்போதே அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.