மறு: ‘சாக்’ என்பதற்குத் தமிழ் – சூறையா, சாக்கா, மடக்கா?

அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து வீரர் டீக்கன் ஜோன்ஸ் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கத் தொடங்கி, ‘சாக்’ (sack) என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். மறுமொழிகளுக்கு நன்றி. அவற்றில் பாதி, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயரிட்டது தகுமா என்ற வழக்கு. அந்த வழக்கை அமெரிக்கரிடம்தான் நடத்த வேண்டும். நாம் நம் வேலையைப் பார்ப்போம்.

முதலில் அந்தச் செயல். தாக்கும் அணியின் ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். பந்தை வாங்கிய அவர் சில எட்டுகள் பின்வாங்கி, யாருக்கு எறியலாம் என்று கண்ணால் தேடுகிறார். அவருக்கு முன்னால் ஐந்து பெரிய உடம்புகள் மதிலாக நிற்கின்றன. அவர் பந்தை எறிவதற்குள், ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே எதிரணிக்காரர் புகுந்து அவரைத் தரையில் சாய்த்துவிட்டால் அது ஒரு ‘சாக்’. முன்னேற வேண்டிய அணி ஏழெட்டு கெஜம் பின்னுக்குப் போய்விடும். இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி.

இந்தப் பெயரைப் பரப்பியவர் ஜோன்ஸ். மற்ற கலைச்சொற்களைப் போல இதை அகராதியைப் புரட்டி ஆக்கிவிட முடியாது என்று நான் நினைப்பது அதனால்தான். ஒரு நகரத்தைச் சூறையாடுவதுபோல எதிரணியை நாசமாக்குவது என்று ஒரு விளக்கம் சொன்னார். எதிரே நிற்பவர்களையெல்லாம் ஒரு கோணிப்பைக்குள் போட்டுக் கட்டி, பேஸ்பால் மட்டையால் வெளுப்பது என்று இன்னொரு விளக்கமும் சொன்னார். இரண்டும் அவர் வாயிலிருந்து வந்தவை. இரண்டையும் மதிக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கட்டுரையில் ஒரு பத்தி உண்டு. 1938இல் புளோரிடாவின் ஈட்டன்வில்லில் பிறந்தவர். கறுப்பினத்தவர் தாங்களே ஆளுவதற்கென்று 1887இல் அமைத்துக்கொண்ட ஊர் அது. சிறுவனாக இருந்தபோது, காரில் சிரித்துக்கொண்டு வந்த வெள்ளை இளைஞர்கள் தேவாலயத்துக்கு வந்திருந்த கறுப்பினக் கிழவி ஒருவர்மீது தர்ப்பூசணிப் பழத்தை எறிந்ததைப் பார்த்தார். சில நாட்களில் அந்த அம்மாள் இறந்துபோனார். போலீஸ் விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. பின்னர் தென் கரோலினா மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக உதவித்தொகையைப் பறித்துவிட்டார்கள். மிசிசிப்பியில் வேறொரு கல்லூரிக்குப் போய் ஆடினார். 1961இல், கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவரை 14ஆம் சுற்றில், 186ஆவது ஆளாக எடுத்தது. அதுகூடத் தற்செயல். தேர்வாளர்கள் வேறு யாரோ ஓர் ஓட்டக்காரரைப் படச்சுருளில் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அந்த ஓட்டக்காரரைவிட வேகமாக ஒரு பெரிய உருவம் பின்னாலிருந்து துரத்திப் பிடிப்பது கண்ணில் பட்டது. அவர்தான் இவர்.

டேவிட் ஜோன்ஸ் என்பது இயற்பெயர். தொலைபேசிப் புத்தகத்தில் டேவிட் ஜோன்ஸ்கள் மிகுதி என்று தானே ‘டீக்கன்’ ஆனார். அதைத் ‘திருத்தொண்டர்’ ஆக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கத்தோலிக்கத் திருச்சபையில் அந்தச் சொல் இருக்கிறது, உண்மை. ஆனால் திருத்தொண்டர் ஜோன்ஸ் என்று போட்டால் நம் வாசகர் அறுபத்து நான்காம் நாயன்மாரைத் தேடிப் போய்விடுவார். டீக்கன், டீக்கனாகவே இருக்கட்டும்.

அவர் நின்ற இடத்துக்கும், அதாவது தற்காப்பு வரிசையின் ஓர ஆளுக்கும், பெயர் வேண்டும். ‘கடைக்காவலர்’ என்பது இலக்கணப்படி சரி. படித்தால் நகைக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் நினைவுக்கு வருகிறார். ‘முனையர்’ என்று நான் போட்டதைத் தட்டச்சில் நண்பர் ஒருவர் ‘முனைவர்’ ஆக்கி, ஜோன்ஸுக்கு டாக்டர் பட்டமே வாங்கிக் கொடுத்துவிட்டார். ‘முனைக்காவலர்’ போதும் என்று படுகிறது. முனை என்றால் ஓரம்; போர்க்களம் என்ற பழம்பொருளும் அதற்கு உண்டு.

இனி ‘சாக்’. மூன்று சொற்கள் தேறின.

‘மடக்கு’ சுருக்கமானது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: “முதல் பாதியில் இரண்டரை மடக்கு.” இது காப்பிக் கணக்கு.

‘சாக்கு’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒலியும் ஒட்டுகிறது, ஜோன்ஸின் கோணிப்பையும் உள்ளே வந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், ஊரைக் கொள்ளையடிப்பது என்ற ஆங்கிலப் பொருளே, அள்ளியதைப் பையில் போட்டுக்கொள்வதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான். ஆக, பையும் கொள்ளையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் தமிழில் சாக்கு என்றால் போக்கும் கூடவே வந்துவிடுகிறது. “ஜோன்ஸ் நூற்றெழுபது சாக்குச் சொன்னார்” என்று யாராவது படித்துவிட்டால் அந்த மனிதருக்கு அதைவிட அவமானம் இல்லை. 14 பருவங்களில் 191 ஆட்டம் ஆடியவர் அவர்.

‘சூறை’ நிற்கிறது. இரண்டெழுத்து. காற்றின் வேகமும் கொள்ளையின் மூர்க்கமும் ஒரே சொல்லில். எண்ணிக்கைக்கும் வளைந்து கொடுக்கிறது: ஒரு சூறை, அரைச் சூறை, 173.5 சூறை.

எண்ணிக்கையை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. ஜோன்ஸ் 1961 முதல் 1971 வரை ராம்ஸ் அணியிலும், பிறகு இரண்டு ஆண்டுகள் சான் டியாகோவிலும், 1974இல் வாஷிங்டனிலும் ஆடி ஓய்வு பெற்றார். தேசியக் கால்பந்து லீக் (NFL) இந்தச் செயலைத் தனி வீரர் கணக்கில் எழுதத் தொடங்கியதோ 1982இல். சொல்லைக் கொடுத்தவர் பெயருக்கு நேரே அதிகாரபூர்வ ஏட்டில் ஒன்றுகூட இல்லை. பழைய ஆட்டக் குறிப்புகளையும் படச்சுருள்களையும் ஆய்வாளர்கள் பிறகு தோண்டி எடுத்துக் கூட்டிய கணக்குதான் 173.5. எண்ணத் தோதில்லாத சொல்லை இவர் கட்டுரையில் போட எனக்கு மனமில்லை.

ஒரு கொசுறு. ஆட்டம் தொடங்கிய நொடியில் எதிரே நிற்பவரின் தலைக்கவசத்தில், காதுப் பக்கமாக, விரித்த கையால் ஓங்கி ஓர் அறை விடுவார். கவசத்துக்குள் மணி அடிக்கும். எதிராளி கண்ணைச் சிமிட்டுவார். சிமிட்டித் திறப்பதற்குள் ஜோன்ஸ் அவரைக் கடந்திருப்பார். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் ஓவியக் கலையையும் ரெம்பிராண்ட் கண்டுபிடிக்கவில்லையே என்பது அவர் சொன்ன நியாயம். 1977இல் லீக் அதைத் தடைசெய்தது. இதற்குச் ‘செவிட்டறை’ என்று எழுதிவிட்டேன். மறுப்பு வராது என்று நம்புகிறேன்.

சூறைக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

*

தம்பிக்கு,

செவிட்டறை அருமை. வகுப்பில் நான் பார்த்த செயலுக்கு இவ்வளவு நாள் கழித்துப் பெயர் கிடைத்தது.

சூறையில் எனக்கு ஓர் இடறல். கொள்ளை என்றால் ஒரு பொருள் கைமாற வேண்டும். விழுந்த பிறகும் பந்து குவார்ட்டர்பேக் கையில்தானே இருக்கிறது? எதைச் சூறையாடினார்கள்? ‘வீழ்த்து’ என்றே வைத்துக்கொள்ளலாமே. கிரிக்கெட்டில் விக்கெட் வீழ்த்தினார் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதி எழுதி மக்களுக்குப் பழகிய சொல்.

இன்னொன்று. நீங்கள் சொல்வதைப் படித்தால் அந்த ஐந்து பேர் நொச்சி மறவர்கள், மதில் காப்பவர்கள். உங்கள் ஜோன்ஸ் மதிலை முற்றுகிற உழிஞையான். அவரைப் போய்க் ‘காவலர்’ என்கிறீர்களே?

*

அம்மா, வணக்கம்.

நொச்சியும் உழிஞையும் என் மண்டைக்கு எட்டவே இல்லை. கட்டுரையில் அந்த ஒப்புமையைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும். காவலர் பற்றிய குற்றச்சாட்டு சரிதான், ஆனால் முரண் அவர்களுடையது. பந்து யாரிடம் இருக்கிறதோ அவர்கள் தாக்கும் அணி, மற்றவர்கள் தற்காப்பு அணி என்று விதியே சொல்கிறது; தற்காப்பில் நிற்பவர் ஜோன்ஸ் மாதிரி இருந்தால் யார் யாரைக் காப்பது என்று தெரியாது. அவருக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயரே ‘பாதுகாப்பு அமைச்சர்’. ஓல்சன், கிரியர், லண்டி ஆகியோரோடு சேர்ந்து நின்ற அந்த நால்வர் வரிசையைப் பார்த்தவர்கள் அந்தப் பட்டத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பார்கள்.

‘வீழ்த்து’ எனக்கு வேறிடத்தில் தேவைப்படுகிறது. பந்தோடு ஓடுபவரைப் பிடித்துத் தள்ளுவது ஒவ்வோர் ஆட்டத்திலும் பத்துப் பத்தாக நடக்கும். அதெல்லாம் வீழ்த்தல். குவார்ட்டர்பேக்கை அவர் கோட்டைக்குள்ளேயே சாய்ப்பது அதில் ஒரு தனி வகை. அதற்குத் தனிப்பெயர் இல்லாததால்தானே ஜோன்ஸ் ஒன்றைத் தேடினார்.

எது கொள்ளை போகிறது என்று கேட்டீர்கள். நிலம் போகிறது, அம்மா. ஏழு கெஜம், எட்டு கெஜம். பந்து கையில் இருக்கும், நின்ற மண் இருக்காது.

ஆனால் உங்கள் கேள்வியால் வினைச்சொல் மாறுகிறது. ‘குவார்ட்டர்பேக்கைச் சூறையாடினார்’ என்றால் பணப்பையை எடுத்துக்கொண்டு ஓடியதுபோலத்தான் இருக்கிறது. ‘சூறைகொண்டார்’ என்று திருத்துகிறேன். 2013இல் ஜோன்ஸ் மறைந்த பிறகு அவர் பெயரில் லீக் ஏற்படுத்திய விருது பற்றிய வரி இப்போது இப்படி இருக்கிறது: “ஒரு பருவத்தில் மிகுதியாகச் சூறைகொண்ட வீரருக்கு டீக்கன் ஜோன்ஸ் விருது வழங்கப்படுகிறது.” ‘மிகுதியாக’ வேண்டுமா, ‘அதிகம்’ போதுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.