1 இன்ச் தேக்குல ஸ்க்ரோல் சா பிளேடு உருவுது, மரம் கருகுது. தப்பு பிளேடு நம்பர்லயா, ஹோல்டர்லயா?

புதுக்கை:
வணக்கம். வீட்டுப் பூஜை அறைக் கதவுக்கு மாங்காய் டிசைன்ல ஜாலி (துளைத் துளையா வர்ற வேலைப்பாடு) வெட்டிட்டு இருக்கேன். பழைய நிலைச்சட்டத்துத் தேக்கு, 1 இன்ச் கனம். மெஷின் 16 இன்ச் ஸ்க்ரோல் சா, மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவு வெட்டறது. கூட வந்தது ரெண்டு முனையிலயும் குறுக்கா பின் வெச்ச பிளேடு. மாங்காய் மூக்குல 3 மி.மீ. ஓட்டைக்கு மேல போட இடமில்ல, அதுல பின் நுழையல. அதனால பின் இல்லாத பிளேடு, நம்பர் 3, ஒரு டஜனும், அதை மாட்ட ஆலன் ஸ்க்ரூ (தலையில ஆறுமூலைக் குழி இருக்கற ஸ்க்ரூ) அடாப்டர் ஒரு ஜோடியும் வாங்கினேன்.

ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் மேல் ஹோல்டர்ல இருந்து பிளேடு உருவிக்கிட்டு வருது. ஆலன் கீக்குக் குழாய் மாட்டி முறுக்கினதுல ஸ்க்ரூ குழியே உருண்டையாயிடுச்சு. வெட்டின ஓரம் கருகுது. மாங்காய் மேல ஒரு அளவு, அடியில ஒரு அளவு. நேத்து மட்டும் 7 பிளேடு போச்சு. எந்த நம்பர் வாங்கணும்?

மரத்தூள்:
1 இன்ச் தேக்குக்கு நம்பர் 3-ஆ! பிளேடு பாவம் சார்.

கொங்குப்பட்டறை:
நம்பர் ஏற ஏற பிளேடு அகலம், கனம் கூடும், பல் குறையும். நம்பர் 5 சுமார் 1 மி.மீ. அகலம், இன்ச்சுக்கு 12 பல் போல வரும். அது முக்கால் இன்ச் வரைக்கும் நல்லா ஓடும். 1 இன்ச் தேக்குக்கு நம்பர் 7 வைங்க, நேர்க்கோடு அதிகம்னா 9. பொடிப்பல் பிளேடுதான் வழவழப்பா வெட்டும்னு தோணும். கனமான மரத்துல பல்லிடுக்குல தூள் அடைச்சு, வெட்டாம தேய்க்க ஆரம்பிச்சுடும். கருகல் அங்கிருந்துதான் வருது. ஒரு பல் விட்டு ஒரு பல் இருக்கற ஸ்கிப் டூத் கேளுங்க, தூள் வெளியேறும். முறுக்கின ஸ்பைரல் பிளேடு பக்கம் போகாதீங்க, ஓரம் கோரமா வரும்.

இன்னொண்ணு, தேக்குல சிலிக்கா உண்டு. பிளேடு முனை சீக்கிரம் மழுங்கும். தள்ள வேண்டியிருக்குன்னு தோணின உடனே மாத்திடுங்க.

பழைய ஆசாரி:
தம்பி, நம்பர் அப்புறம். முதல்ல ஹோல்டரைப் பாருங்க, இல்லன்னா 9 போட்டாலும் உருவும்.

புது பிளேடு துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் பூசி வரும். ரெண்டு முனையையும் தின்னர் தொட்ட துணியால துடைச்சு, அரை இன்ச் அளவுக்கு 220 உப்புத்தாள்ல லேசா தேயுங்க. அப்புறம் அந்த ஸ்க்ரூவைக் கழட்டி முனையைப் பாருங்க. பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கும், அங்கதான் வழுக்குது. உப்புத்தாளை மடிச்சு ஸ்க்ரூ முனைக்கும் எதிர்த் தாடைக்கும் நடுவுல விட்டு, லேசா இறுக்கி இழுங்க. நாலு தடவை போதும், சொரசொரப்பு வந்துடும். குழாய் மாட்டி முறுக்கறது வேண்டவே வேண்டாம். குழி போன ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க.

மேல் அடாப்டரும் கீழ் அடாப்டரும் ஒரே நேர்ல இருக்கா? கொஞ்சம் திரும்பியிருந்தாலும் பிளேடு முறுக்கிக்கிட்டு ஓடி, ஹோல்டர் விளிம்புல ஒடியும்.

புதுக்கை:
ஐயா, 7-ல 5 மேல் விளிம்புலதான் ஒடிஞ்சுது! அளவு மாறுறதுக்கு என்ன பண்றது?

பழைய ஆசாரி:
ரெண்டு காரணம் இருக்கலாம். ஒரு கனமான துண்டுக்கட்டையில மேலோட்டமா ஒரு வெட்டு போடுங்க. மெஷினை நிறுத்திட்டு, கட்டையை அரைச்சுத்து திருப்பி, பிளேடோட முதுகுப் பக்கம் அந்த வெட்டைக் கொண்டு போங்க. நேரா நுழைஞ்சா மேடை சரி. தட்டுச்சுன்னா மேடை சாய்ஞ்சிருக்கு. மேடை சரியா இருந்தும் அளவு மாறினா, பிளேடு டென்ஷன் (இறுக்கம்) போதல, நீங்களும் தள்றீங்க. விரலால சுண்டினா பிளேடு 'டிங்'னு பாடணும். 'டப்'னா தளர்ச்சி.

கொங்குப்பட்டறை:
பேட்டர்ன் காகிதத்து மேல பேக்கிங் டேப் ஒட்டுங்க, கருகல் நல்லாக் குறையும். வேகத்தையும் பாதிக்கு இறக்குங்க. வெட்டு வலப்பக்கமா ஓடுதுன்னு மெஷினைத் திட்டாதீங்க, பிளேடு தயாரிக்கறப்ப பல் வெட்டும்போது ஒரு ஓரத்துல பிசிறு நின்னுடும், அந்தப் பக்கம்தான் இழுக்கும். மரத்தை மேடை மேலயே கொஞ்சம் கோணமாத் திருப்பித் தள்ளப் பழகணும்.

அடிப்பக்கம் சிலாம்பு வருதுன்னா ரிவர்ஸ் டூத் வாங்குங்க, கீழ்ப்பல் சிலது மேல் நோக்கி இருக்கும். பிளேடு மாட்டின மெஷின் கையை முழுசா மேல ஏத்தினா மேடைக்கு மேல ரெண்டு மூணு தலைகீழ்ப் பல் மட்டும் தெரியணும். அடாப்டர் போட்டா இந்த உயரம் மாறும், எண்ணிப் பாருங்க.

மரத்தூள்:
மாஸ்க் போடுங்க சார். தேக்குத்தூள் எனக்கு ஒரு வாரம் தும்மல் கொடுத்துச்சு.

புதுக்கை:
ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தேன். மேடை முக்கால் டிகிரி போல சாய்ஞ்சிருந்தது, அளவுக்குறி ஜீரோவுலதான் நின்னுச்சு! மூலைமட்டம் வெச்சு சரி பண்ணிட்டேன். ஸ்க்ரூ மாத்தி, உப்புத்தாள் இழுத்து, நம்பர் 7 ஸ்கிப் டூத் போட்டதுல, ஒரே பிளேடுல ரெண்டு மாங்காய் முழுசா முடிஞ்சுது, ஒரு தடவை கூட உருவல. மூக்கு வளைவுல மட்டும் நம்பர் 7 திரும்ப மாட்டேங்குது, அங்க லேசாக் கருகுது.

பழைய ஆசாரி:
மூக்குல ஒரே மூச்சுல திருப்பாதீங்க. முனை வரைக்கும் போய், வந்த வழியே பின்வாங்கி, அடுத்த பக்கத்துல இருந்து வந்து சேருங்க. எத்தனை மாங்காய் பாக்கி?

புதுக்கை:
22 ஐயா.